முல்லை நகர் வழியாக

கீழ்பென்னாத்தூர் வேனிலிருந்து ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் வெடி மூட்டைகள் இறங்கின. நான்கு மூட்டை. சாவு வீட்டுக்கு மாலை கொண்டுபோனவன் மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்று நாலு பேரைப் போலத் துக்கப்பட வேண்டியதுதானே? நான் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்ததும் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ராணியம்மாள் அன்று விடிகாலையில் காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டது. வயது எண்பத்தெட்டு. பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனுக்கு மொட்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. இப்படிப்பட்ட சாவுக்கு எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாவு என்று பெயர். அழுகை கம்மி, மேளம் ஜாஸ்தி. பூப்பல்லக்கு கட்டி, வழியெல்லாம் பூவிறைத்து, ஆட்டமும் வெடியுமாகக் கொண்டுபோக வேண்டும். அதில் ஒரு குறை வைத்தாலும் "பெத்தவள அநாதை மாதிரி தூக்கினு போனான்" என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். பேச்சு வாங்க வேண்டியவர் ஒரே மகன், எங்கள் மண்ணாங்கட்டி அண்ணன். முன்னால் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தங்காமல் போனதால், இதையாவது எமன் சீண்டாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர். எமனும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டான் போலிருக்கிறது. அறுபத்திரண்டு வயதிலும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

நான் ஜியாவுல்லா. வேங்கிக்கால் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் மண்ணாங்கட்டி அண்ணனுக்கும் என்ன சம்பந்தம் என்றால், சித்தேரிதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்ட வந்தபோது, பார்க்கப் போன ஆட்களில் நாங்கள் மூன்று பேர் மட்டும் மறுநாளும் போனோம். மூன்றாவது ஆள் அருண்பிரசாத், கலெக்டர் ஆபீஸில் கிளார்க். அதிகாரிகளைப் பார்த்து, மனு கொடுத்து, "பறவைகள் காப்பிடம், சத்தம் போடாதீர்" என்று ஒரு போர்டு வாங்கி வைத்தது அவன்தான். போர்டு வைத்தால் ஆயிற்றா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காகப் போடும் தற்காலிக பஸ் ஸ்டாண்டிலிருந்து காற்றில் வந்து சேரும் தட்டும் பொட்டலமும் யார் பொறுக்குவது? மீன் பிடிக்கிறவன் விட்டுப்போன தூண்டில் நரம்பில் கால் சிக்கித் தொங்கும் பறவையை யார் அவிழ்ப்பது? கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் மண்ணாங்கட்டி அண்ணன்தான் லுங்கியை அவிழ்த்து வைத்துவிட்டு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்குவார். தலையில் கூடை, கூடைக்குள் குஞ்சு. முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு அதைத் திரும்பக் கூட்டில் வைத்துவிட்டு வருவார். அதன் தாய் நன்றி சொல்லுமா? தலையில் எச்சம் போடும். "ஆசீர்வாதம் பண்ணுது பாய்" என்று சிரிப்பார்.

போன வருஷம் எவனோ பிறந்தநாள் கொண்டாட வந்து ஏரிக்கரையில் ஆயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டான். மொத்தப் பறவையும் ஒரே மூச்சில் மேலே எழும்பியது. எழும்பிய வேகத்தில் கூடுகள் ஆடி, முட்டையும் குஞ்சும் பொலபொலவென்று தண்ணீரில். மிச்சத்தைக் காக்காயும் பருந்தும் பார்த்துக்கொண்டன. முப்பத்துநாலு குஞ்சு செத்தது. மண்ணாங்கட்டி அண்ணன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி சிமெண்ட் சாக்கில் போட்டுக் குழி வெட்டிப் புதைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இந்த மாசி மாதம் அறுபத்தொரு கூடு. குஞ்சுகளுக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை, இறக்கை முளைக்கவில்லை.

சுடுகாட்டுக்குப் போகும் வழியோ, காலம் காலமாக சித்தேரிக் கரைமேல்தான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. அருண்பிரசாத்.

"பாய், ஊர்வலம் கரை மேலதான போகும்? அண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். கரை மேல மட்டும் வெடி வேணாம்னு."

"ஏன், நீ சொல்றதுதான?"

"நான் சின்னப் பையன் பாய். நீங்க சொன்னா கேப்பாரு."

"டேய், பெத்த அம்மா கூடத்துல கிடக்குது. எழவு வீட்டுல போய் நாரைக்குஞ்சப் பத்திப் பேசற வாய் எனக்கு இல்லடா."

"அப்ப குஞ்சுங்க?" என்றான். நான் போனை அணைத்துவிட்டேன்.

பூனைக்கு மணி கட்டும் வேலையென்றால் எப்போதும் பாய்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன். அண்ணன் அம்மாவின் தலைமாட்டில் குந்தியிருந்தார். அவருடைய அக்கா மகன் புகழேந்தி அவர் காதோரம் குனிந்து, வீட்டுக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசிக்கொண்டிருந்தான். "மாமா, ஒன்னும் கவலப்படாத. பாட்டிய அனுப்புறத வேங்கிக்காலே பேசணும். நாலு மூட்ட எறக்கியிருக்கேன். கரை மேல ஏறினதும் வுடுறோம் பாரு, மலைக்கே கேக்கணும்." அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பையனையும் குறை சொல்ல முடியாது. பாட்டி மடியில் வளர்ந்தவன். கண் சிவந்து வீங்கியிருந்தது.

வெளியே வந்து டிவிஎஸ்ஸை எடுத்தேன். சாவு மேளம் அடிக்கிறவர்கள் தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டரை மணிக்குத் தூக்குவதாகப் பேச்சு. எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. வெடியை நிறுத்தச் சொல்ல முடியாது, கரையை நகர்த்த முடியாது. அப்புறம் என்ன பாக்கி? வேறு வழி. வேறு வழி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஏரிக்கரைத் தெருவிலிருந்து முல்லை நகருக்குள் புகுந்து, மெயின் ரோட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகச் சுடுகாட்டுக்குப் போகலாம். இரண்டு கிலோமீட்டர் ஜாஸ்தி, ஆனால் கூடுகள் ஏரியின் மறு கோடியில், வெடிச் சத்தம் அங்கே எட்டுவதற்குள் தேய்ந்துவிடும். தூரம்கூட ஒரு பிரச்சினை இல்லை. முல்லை நகர் வாசலில் ஒரு இரும்புக் கேட் இருக்கிறது. கல்யாண ஊர்வலம் போகும், கட்சி ஊர்வலம் போகும், ஏரிக்கரைத் தெருப் பிணம் மட்டும் அதற்குள் போனதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், மழையில் கரை சேறாகிக் கிடந்த ஒரு நாள், உள்ளே கொண்டுபோகப் பார்த்து அடிதடியாகி போலீஸ் வந்தது. ஏன் விடமாட்டீர்கள் என்றால் நகர்க்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். குழந்தைகள் பயப்படும் என்பார்கள், ரோடு குறுகல் என்பார்கள். உண்மையான காரணம் வேங்கிக்காலில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நகர்ச் சங்கத் தலைவர் அறிவுச்செல்வன் சார், ரிடையர்டு எஞ்சினியர். அவர் வீட்டு போர்வெல் மோட்டாருக்கு மூன்று தடவை காயில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் போனேன். ஹாலில் உட்கார வைத்து, ஃபேன் போட்டு, தண்ணீர் கொடுத்தார். நான் நாரையிலிருந்து ஆரம்பித்தேன். அறுபத்தொரு கூடு, மூன்று வாரக் குஞ்சு, போன வருஷ முப்பத்துநாலு, எல்லாம் சொன்னேன். இன்று ஒரு சாவு, ஊர்வலத்தை மட்டும் உங்கள் தெரு வழியாக விட்டால் அத்தனை உயிரும் பிழைக்கும் என்று முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"பாய், நீங்க நல்ல மனுஷன். ஆனா நாரைக்காக ஊர்ப் பொணத்தையெல்லாம் எங்க தெருவுல விடச் சொல்றது நியாயமா?"

"எல்லாம் இல்ல சார். ஒன்னே ஒன்னு."

"இன்னிக்கு ஒன்னு. நாளைக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்கு இருக்கும் கெட்ட பழக்கம் இதுதான், காரியம் ஆக வேண்டிய இடத்தில் வாய் நீளும். "மாடி வீட்ட வாடகைக்கு விடும்போது மட்டும் 'லேக் வியூ'னு போர்டு வைக்கத் தெரியுது. ஏரி வேணும், பறவை வேணும், ஏரிக்கரைல இருக்கற ஆளு மட்டும் வேணாம். அப்படித்தான சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. போச்சு, காரியம் கெட்டது, இனி மோட்டார் வேலையும் வராது என்று எழுந்தேன்.

அடுக்களைக் கதவருகே அவர் சம்சாரம் தனம் அம்மா நின்றிருந்தார். கையில் கரண்டி.

"செத்தது யாரு பாய்?"

அப்போதுதான் உறைத்தது. வந்து கால் மணி நேரமாகக் கூட்டுக் கணக்கையெல்லாம் ஒப்பித்தேனே, போய்ச்சேர்ந்த மனுஷியின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"ராணியம்மாங்க. மண்ணாங்கட்டி அண்ணனோட அம்மா."

"குளிக்க ஊத்துற ராணியம்மாவா?"

ஆமாம் என்றேன். தனம் அம்மா அப்படியே சோபாவின் நுனியில் உட்கார்ந்துவிட்டார். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது, அவர் கவனிக்கவில்லை. "எங்களுக்கு யாரும் சொல்லவேயில்லையே" என்றார். பிறகு புருஷனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "நம்ம சிந்துஜா எட்டாம் மாசத்துல பொறந்து வந்தப்ப எவ்ளோ இருந்தா, ஞாபகம் இருக்கா? ஒன்றரைக் கிலோ. தொடவே பயந்தேன். எங்கம்மாவே தூக்கமாட்டேன்னுட்டாங்க. அந்தம்மா வந்து, கால நீட்டி உக்காந்து, முழங்கால் மேல அவளப் போட்டு, எண்ணெ தேச்சு ஊத்துனாங்க. தொண்ணூறு நாள், ஒரு நாள் தப்பாம. மழையில முக்காடு போட்டுனு வருவாங்க. குளிப்பாட்டி முடிச்சுட்டு, 'பயப்படாத தாயி, இது தங்கும். தங்காத புள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்'னு சொல்லுவாங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறிவுச்செல்வன் சார் தரையில் விழுந்த சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட் சாவி எங்க?" என்றார் தனம் அம்மா.

"தனம், சங்கத்துல கேக்காம நான் எப்படி..."

"நான் கேட்டுனு வரேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அம்மா தெருவில் இறங்கியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பின்னாலேயே நானும் ஓடினேன். வீடு வீடாகப் போனார். நாரை, கூடு, குஞ்சு, ஒரு வார்த்தை இல்லை. "ராணியம்மா போய்ட்டாங்க. நம்ம தெரு வழியா வராங்க" என்பார், அவ்வளவுதான். முதல் வீட்டில் ஒரு பெண், ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் கைதான் ஊற்றியதாம். எதிர் வீட்டில், மாடிப்படி இறங்கி வந்த காலேஜ் பையன் ஒருத்தனைக் காட்டி, "இவன் மூக்கு இப்படி எடுப்பா இருக்கறதே அந்தம்மா தினம் நீவிவிட்டதுதான்" என்றார்கள். அவன் மூக்கைத் தடவிக்கொண்டே உள்ளே போனான். மூன்று வீடு தள்ளி ஒருத்தர் மட்டும் முறுக்கினார். மறுநாள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்களாம், வாசலில் வாழைமரம் கட்டியாயிற்றாம், இந்த நேரத்தில் பிணமா என்றார். தனம் அம்மா அசரவில்லை. "பொணம் எதுக்க வந்தா நல்ல சகுனம்னு உங்க வீட்டுப் பெரியவங்க சொன்னதில்லையா? சுமங்கலி எதுக்க வர்ற சகுனம்கூடத் தினம் கெடைக்கும், இப்படி ஒரு ஆசீர்வாதம் தெருவத் தேடி வராதுங்க" என்றார். அந்த மனுஷன் தன் சம்சாரத்தைப் பார்த்தார். சம்சாரம் எங்களோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

 பறவைக்கென்று கேட்டபோது ஒரு கதவும் திறக்கவில்லை. அந்தக் கிழவியின் பெயருக்கு ஒரு தெருவே திறந்தது. நாலு வருஷமாகத் தினமும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று "ரெடியா அண்ணே?" என்று குரல் கொடுத்தவன் நான். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஒரு நாள் நின்று பேசியதுண்டா? வெட்கமாக இருந்தது.

திரும்பி ஓடிவந்து புகழேந்தியைத் தனியே கூப்பிட்டு, ஊர்வலம் முல்லை நகர் வழியாகப் போகலாம், கேட் திறக்கிறார்கள் என்றேன். அவன் நம்பவில்லை.

"எந்தக் கேட்டு? அந்த இரும்புக் கேட்டா? எங்க தாத்தாவத் தூக்கினு போனப்போ, கேட்டுக்கு உள்ள நின்னு வேடிக்க பாத்தாங்க பாய்."

"இன்னிக்கு அவங்களே தொறக்கறாங்க. உங்க பாட்டிக்காக."

"வெடி வுடலாமா?"

"விடு. அவங்ககிட்டயே கேட்டாச்சு."

அவன் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டான். "தூக்குடா மூட்டைய!" என்று கத்தினான். கரை பற்றி அப்புறம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டே முக்காலுக்கு ராணியம்மாள் பூப்பல்லக்கில் முல்லை நகருக்குள் போனது. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது அறிவுச்செல்வன் சார்தான். தலையைக் குனிந்திருந்தார். அடித்தார்கள் பாருங்கள் மேளம், ஆடினார்கள் பாருங்கள் ஆட்டம்! வெடித்த வெடியில் கார்களெல்லாம் அலாரம் போட்டு அலறின. முல்லை நகர் நாய்கள், வருஷம் பூராவும் எங்களைப் பார்த்துக் குரைத்த நாய்கள், போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அந்தக் காலேஜ் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். தனம் அம்மா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்; வீடியோவில் பெங்களூரிலிருந்து சிந்துஜா அழுதுகொண்டிருந்தாள். புகழேந்தி நாலு மூட்டையையும் அந்த ஒரே தெருவில் தீர்த்தான். மெயின் ரோடு ஏறும்போது அவனிடம் ஒரு ஊசிவெடிகூட இல்லை. மண்ணாங்கட்டி அண்ணன் தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். இருபக்கமும் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். சொல்லப்போனால், அவர் அழ ஆரம்பித்ததே அந்தத் தெருவில்தான்.

சுடுகாட்டு வாசல் வரை போய்விட்டு நான் கரைக்கு வந்துவிட்டேன். எங்கள் கரை நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே நின்று திரும்பினால்தான், சுடுகாட்டுப் பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் கூடுகள் சரியாகத் தெரியும். கல்லில் உட்கார்ந்தேன். கால் கடுத்தது. அல்லாவுக்கு நன்றி, தனம் அம்மாவுக்கு நன்றி, ராணியம்மாளுக்கு நன்றி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலரை மணி வாக்கில் அவர்கள் திரும்பி வந்தார்கள். காரியம் முடிந்தால் எல்லோரும் ஏரியில் இறங்கி முழுகிவிட்டுப் போவதுதான் வழக்கம். முப்பது பேர் இறங்கினால் அதுவும் ஒரு கலவரம்தான், அதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் எல்லோரும் ஏற்கெனவே நனைந்திருந்தார்கள். சுடுகாட்டுப் பைப்படியில் வரிசையாக நிற்கவைத்து அண்ணனே குடத்தால் மொண்டு ஊற்றினாராம். புகழேந்தி சொல்லிக்கொண்டே போனான். "ஏரிய பக்கத்துல வெச்சினு பைப்புல குளிச்சவங்க நாங்கதான் பாய்." கடைசியாக அண்ணன் வந்தார். புதுசாக மழித்த தலை, மீசை இல்லாத முகம், சட்டென்று அடையாளம் தெரியவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றார்.

மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. "அண்ணே, ஒன்னு சொல்லணும். நகர்ல நான் மொதல்ல அம்மாவுக்காகப் போய்க் கேக்கல. குஞ்சுங்களுக்காகத்தான் கேட்டேன். அம்மா பேரச் சொல்லக்கூட எனக்குத் தோணல. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பையன் மூட்டைய எறக்கினான் பாரு, எனக்கும் அதான் பாய் மொதல்ல வந்துச்சு. எங்கம்மா எதுர்ல படுத்துனு இருக்குது. ஒரு சொட்டுத் தண்ணி வரல கண்ணுல. அறுபத்தொன்னு, அறுபத்தொன்னுனு மனசு எண்ணினே இருக்குது. இன்னாடா பொறப்பு நீன்னு என்னையே திட்டினு இருந்தேன். அதுலயும் நீ வந்து கேட்டுடுவியோன்னு பயம். நீ கேட்டிருந்தா நான் வெடி வேணாம்னு சொல்லியிருப்பேன் பாய். சொல்லிட்டு, பெத்தவளுக்கு ஒரு வெடி வெக்காதவன்னு வாழ்நாள் பூரா கெடந்திருப்பேன். நீ கேக்கல." கையெடுத்துக் கும்பிட வந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

"போலாம் வா மாமா" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. கொள்ளி வைத்தவர் வீடு போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் வீட்டுப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மரங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"நான் திரும்பக் கூடாது. நீ பாத்துச் சொல்லு பாய்."

நான் திரும்பினேன். மேற்கு வெயில் மரங்கள்மேல் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

"இருக்குது அண்ணே. எல்லாம் இருக்குது."

"மொத்தமா சொல்லாத. அந்த ஓரத்து மரத்துல?"

"ஓரத்து மரத்துல தாய் நிக்குது. வெயிலுக்கு முதுகக் காட்டினு ரெண்டு றெக்கையையும் விரிச்சினு நிக்குது. அடியில மூணு குஞ்சு. வெயில் படல."

"ம்" என்றார். தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "அடுத்தது?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். நான் அவருக்குப் பின்னால், மரங்களைப் பார்த்தபடி, காலால் கரையைத் துழாவிப் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, ஒவ்வொரு கூடாகச் சொல்லிக்கொண்டே போனேன்.